பொம்மை கத்தாது

12 ஜூலை 2010, திங்கள்

சிதம்பரத்தில் லேபர் வார்டு போஸ்டிங் இன்று தொடங்கியது. கடலூரிலிருந்து காலேஜ் வேன் ஆறே காலுக்குக் கிளம்பிவிட்டது. செம்மங்குப்பம் கெமிக்கல் ஃபேக்டரிகளைத் தாண்டும்வரை எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தோம். என் பக்கத்து சீட் சுவேதா மட்டும் அந்த நாற்றத்திலும் இட்லி சாப்பிட்டாள். நர்சிங் படிப்பு முடிவதற்குள் இருபது பிரசவம் நாங்களே பார்த்து, கேஸ் புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். இன்று இரண்டு பிரசவம் நடந்தது. நான் பார்த்தது முன்னால் நின்ற நாலு பேரின் முதுகைத்தான்.

14 ஜூலை, புதன்

இன்று எழுத முடியாது.

15 ஜூலை, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று பதினொன்றரைக்கு, புவனகிரியிலிருந்து வந்த தில்லையம்மாள் அக்காவுக்குப் பிரசவம். பார்த்தது வார்டின் சீனியர் நர்ஸ் ராஜாமணி சிஸ்டர். "ஜான்சி, கொழந்தய நீ வாங்கிக்க" என்று என்னைப் பக்கத்தில் நிறுத்தினார்.

பிள்ளை வந்தது. அழவில்லை. நீலம் பாரித்து, துவண்டு கிடந்தது. துடைக்க வேண்டும். வாயைச் சுத்தம் பண்ண வேண்டும். அப்படியும் மூச்சு வராவிட்டால் முகத்தில் மாஸ்க்கை வைத்து அம்பு பேக்கை அமுக்கிக் காற்றுக் கொடுக்க வேண்டும். பரீட்சையில் இந்தக் கேள்விக்குப் பத்துக்கு ஒன்பது வாங்கியவள் நான். பேக் என் கையில்தான் இருந்தது. "கொழந்த ஏன் அழுவல? சொல்லுங்களேன், ஏன் அழுவல?" என்று அந்த அக்கா கத்திக்கொண்டே இருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை.

சிஸ்டர் என்னைத் தோளால் இடித்துத் தள்ளி, பேக்கைப் பிடுங்கி, அவரே கொடுத்தார். பிள்ளை அழுதது. மாடியில் பச்சிளங்குழந்தை வார்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ஏன் நின்னேன்? என்ன ஆச்சு எனக்கு? சிஸ்டர் அங்க இல்லன்னா —

17 ஜூலை, சனி

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறது. "அன்னிக்கு நானும் அங்க இருந்தேன்க்கா" என்றேன். தில்லையம்மாள் அக்கா சிரித்தார். "அப்பிடியா கண்ணு? எனக்கு நெனவே இல்லியே."

நல்லவேளை என்று நினைத்திருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

19 ஜூலை, திங்கள்

"கொஞ்ச நாளைக்கு நீ பிபி மட்டும் பாரு" என்றார் ராஜாமணி சிஸ்டர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் வலிக்கிறது.

திரும்பும்போது வேனில் எல்லோரும் கேஸ் புக் எழுதினார்கள். தள்ளி நின்று பார்த்ததையெல்லாம் தாங்களே செய்ததாக. "நீயும் எழுதிக்கடி, யாரு வந்து கேக்கப் போறாங்க" என்றாள் சுவேதா. என்னுடையதில் எல்லாப் பக்கமும் வெள்ளை. செய்யாததை எழுத மாட்டேன்.

மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து அம்மா போன். "புடிக்கலன்னா வந்துடும்மா. டீச்சர் ட்ரெயினிங்ல சேத்துடலாம்னு அப்பா சொல்றாரு."

புடிக்கலன்னு யாரு சொன்னா?

24 ஜூலை, சனி

போஸ்டிங் முடிந்து மறுபடி கடலூர், வகுப்பு.

லேபில் கண்ணாடி அலமாரிக்குள் ஒரு ரப்பர் குழந்தை படுத்திருக்கிறது. பேக்கை அமுக்கினால் அதற்கு நெஞ்சு ஏறி இறங்குமாம். வந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அதை வெளியே எடுக்கலாமா என்று எங்கள் டியூட்டர் அமிர்தம் மேடத்திடம் கேட்டேன். "அது இன்ஸ்பெக்ஷனுக்கு வெச்சிருக்கு. கிழிஞ்சா யாரு பதில் சொல்றது?"

27 ஜூலை, செவ்வாய்

மறுபடி கேட்டேன். முடியாதாம்.

28 ஜூலை, புதன்

மறுபடி கேட்டேன். "உனக்கு வேற வேலையே இல்லியா?"

"இல்ல மேடம்."

29 ஜூலை, வியாழன்

இன்று மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பேக்கை வைத்துக்கொண்டு சும்மா நின்றது, சிஸ்டர் தள்ளிவிட்டது, எதையும் மறைக்கவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். "நானும் அந்த பேக்கைப் புடிச்சு ஆறு வருஷம் ஆச்சு" என்றார். பிறகு, "சனிக்கெழம ரெண்டுலேருந்து நாலு. நானும் வரேன்."

31 ஜூலை, சனி

உறையைப் பிரித்தாயிற்று! அமுக்கு, விடு, விடு. அமுக்கு, விடு, விடு. மாஸ்க் ஓரத்தில் காற்றுக் கசிந்துகொண்டே இருந்தது. பதினோராவது தடவைதான் அந்த நெஞ்சு ஏறியது. மேடத்துக்கு ஒன்பதாவது தடவை.

7 ஆகஸ்ட், சனி

இன்று ஒரு தப்பும் இல்லாமல் செய்தேன். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. இந்த வாரம் கூட வந்திருந்த வகுப்புப் பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குத் திருப்தி இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டின்போது காரணம் பிடிபட்டது. லேபில் ஃபேன் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே கிடையாது. பொம்மை கத்தாது. பொம்மைக்கு அம்மா இல்லை. அன்றைக்கு என்னை நிறுத்தியது அந்தப் பிள்ளையா? அதன் அம்மா கேட்ட கேள்வியல்லவா?

சுவேதாவிடம் சொன்னேன். "கத்தணுமா? நான் கத்துறேன் வா" என்றாள்.

14 ஆகஸ்ட், சனி

சுவேதா மேசைமேல் படுத்துக்கொண்டு கத்திய கத்தலில் வாட்ச்மேன் ஓடிவந்துவிட்டார். இன்னொருத்தி மாமியாராக நின்று, "ஆம்பளப் புள்ளயா? சொல்லு, ஆம்பளயா?" என்று என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். எல்லோருக்கும் சிரிப்பு. பிறகு சுவேதா, "எம் புள்ள ஏன் அழுவல?" என்றாள்.

நின்றுவிட்டேன். அதே மாதிரி. சுவேதாதான் என்று தெரியும், ரப்பர்தான் என்று தெரியும். இருந்தும் கை ஓடவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி" என்றேன். இரண்டாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு செய்து முடித்தேன். சுவேதா எழுந்து உட்கார்ந்தாள். "ஏன்டி, நான் அவ்வளவு கேட்டும் நீ ஒரு வார்த்த சொல்லலியே. இங்க படுத்துப் பாரு, தெரியும். நீ பதில் சொன்னா நான் ஏன் கத்தப் போறேன்?"

படுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது நிஜம். கூரையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பயமாக இருந்தது.

28 ஆகஸ்ட், சனி

ஆறு தடவை. ஆறு தடவையும் பதில் சொல்லிக்கொண்டே செய்தேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

6 செப்டம்பர், திங்கள்

மறுபடி சிதம்பரம். "சிஸ்டர், நான் டெலிவரி டேபிள்கிட்ட நிக்கணும்" என்று நானே போய்க் கேட்டேன். ஏற இறங்கப் பார்த்தார். "நில்லு. பாக்கலாம்."

9 செப்டம்பர், வியாழன்

இளவரசி அக்கா, புதுச்சத்திரம், முதல் பிரசவம். பிள்ளை வந்ததும் அக்காவுக்கு ரத்தம் கொட்ட ஆரம்பித்துவிட்டது. சிஸ்டரின் இரண்டு கையும் அங்கே. டாக்டரைக் கூப்பிடச் சுவேதா ஓடினாள். பிள்ளை அழவில்லை. சிஸ்டர் என்னைப் பார்த்து "ஜான்சி" என்றார்.

துடைத்தேன். வாய், பிறகு மூக்கு. மூச்சு இல்லை. மாஸ்க் வைத்து அமுக்கினேன். நெஞ்சு ஏறவில்லை. பொம்மை இப்படி வழுக்கவே வழுக்காது. தலையைச் சரிபண்ணி, வாயில் மறுபடி சளியை உறிஞ்சி எடுத்து, மறுபடி வைத்தேன். ஏறியது.

"எம் புள்ளைக்கு என்னா ஆச்சு?"

"இன்னும் தானா மூச்சு எடுக்கலக்கா. நான் குடுத்துகிட்டிருக்கேன். நெஞ்சு ஏறுது. நான் இங்கியேதான் இருக்கேன்."

"பொழச்சிக்குமா?"

"தெரியலக்கா. விட மாட்டேன்."

அமுக்கு, விடு, விடு. எத்தனை என்று எண்ணவில்லை. தும்மல் மாதிரி ஒன்று வந்தது. பிறகு அழுகை. பெண் பிள்ளை. டாக்டர் வந்து, ரத்தமும் நின்றது.

கை கழுவும்போது சோப்பு இரண்டு தடவை நழுவி விழுந்தது. குனிந்து எடுத்தேன். ராஜாமணி சிஸ்டர் தன் கையை நீட்டிக் காட்டினார். "எனக்கும்தான் நடுங்குது, பாரு."

10 செப்டம்பர், வெள்ளி

தாயும் பிள்ளையும் நலம். நான் பதினொரு மணி நேரம் தூங்கியிருக்கிறேன்.

23 செப்டம்பர், வியாழன்

ஒரே நேரத்தில் மூன்று பேர். முதல் பிரசவத்தை சிஸ்டர் முடித்தார். இரண்டாவதுக்கு நானும் சுவேதாவும் கை கழுவிவிட்டு நின்றோம். சிஸ்டர் கதவோரம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். இந்த வார்டில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

பிள்ளை பிறந்து, நஞ்சுக்கொடி விழுந்து, அக்காவைத் துடைத்துப் படுக்கவைத்துவிட்டுச் சொல்லப் போனேன். மோர்சாதத்துக்கு வந்திருந்தார். அவசரமே இல்லாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சிஸ்டர். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க."

"சரி. மூணாவதுக்கு இன்னும் நேரம் இருக்கு. உக்காரு, சாப்புடு."