குடல் ஏறவில்லை

ஆவணி 8, திங்கள்

விடாத மழை. குடை கிழிசல். காலேஜ் போய்ச் சேருவதற்குள் வேட்டியெல்லாம் சேறு.

பிணமறுக்கும் ஹாலில் இன்று சிறுகுடல். புடவைக் கொசுவம் மாதிரி மடிந்து மடிந்து ஒரு சவ்வு. அதுதான் அத்தனை நீளக் குடலையும் முதுகோடு பிடித்து வைத்திருக்கிறது. அழகு.

வீட்டுக்கு வந்தால் அக்கா சுருண்டு படுத்திருக்கிறாள். தொப்புளைச் சுற்றி வலி, இரண்டு தரம் வாந்தி. அத்திம்பேர் ஆபீஸ் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் தீர்ப்பு: "குடல் ஏறிண்டுடுத்து. மாமியைக் கூப்பிட்டுத் தடவச் சொல்லணும்."

எங்கே ஏறும்? மாடிக்கா?

ஆவணி 9, செவ்வாய்

பக்கத்துச் சந்து அலமேலு மாமி, கிண்ணம் நிறைய விளக்கெண்ணெயோடு ஆஜர். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே, மாவு பிசைகிற பிசை. அக்கா அலறினாள்.

"கத்தாதேடீ, எறங்கிண்டு வரது" என்றாள் மாமி.

வலி இப்போது வலப்பக்கம், அடிவயிற்றில். உடம்பு அனல். குடல்வாலேதான். சுண்டுவிரல் அளவு வால், சிறுகுடல் பெருங்குடலோடு சேருகிற இடத்தில். வீங்கிக் கிடக்கிறதைப் பிசைந்தால் வெடிக்கும். வெடித்தால் அக்கா இல்லை. சொன்னேன். கத்தினேன்.

அத்.: "ரெண்டு வருஷம் பொணம் அறுத்தா வைத்தியனாயிடுவியோ?"

பேதிக்குக் கொடுக்க வைத்திருந்த விளக்கெண்ணெயைச் சாக்கடையில் கொட்டினேன். மாமி வெறுங்கிண்ணத்தோடு வீடு திரும்பினாள். ஒருநாளாவது.

ஆவணி 10, புதன்

எங்கள் காலேஜ் வங்காளி டாக்டர் பாபுவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அழைத்து வந்தேன். வாசலிலேயே மறித்துக்கொண்டார் அத்.

"அன்னிய புருஷன் என் ஆம்படையா வயத்தைத் தொடறதா? முடியாது."

அவள் செத்தால் தூக்கப்போகிற நாலு பேரும் அன்னியர் இல்லையா? கேட்டே விட்டேன். அடிக்கக் கை ஓங்கினார். டா. பாபு பாவம், மழையில் நின்றுகொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல். அவர் எதிரில் உரக்கப் பேசியே அறியாதவள்.

"வலிக்கறது எனக்குன்னா. உங்களுக்கில்லை. டேய், டாக்டர் பாபுவை உள்ளே வரச் சொல்லுடா."

அத். நகர்ந்தார். டா. பாபு வலப்பக்கம் மெல்ல அழுத்தி, சட்டென்று கையை எடுத்தார். அக்கா துடித்துப் போனாள். "ஆர் தேரி நொய்" என்றார். இனி ஒரு நிமிஷமும் தாமதம் கூடாதாம். பாடை மாதிரி கட்டிலைத் தூக்கிக்கொண்டு வண்டிக்கு ஓடினோம். கடவுளே.

ஆவணி 11, வியாழன்

நேற்றே அறுத்தாயிற்று. குளோரோபாரம். குடல்வால் கறுத்து, சீழ் கோத்து, வெடிக்கிற நிலை. டா. பாபு குப்பியில் போட்டுக் காட்டினார். அக்கா பிழைத்தாள்.

அந்தக் குப்பியை அத். முகத்துக்கு நேரே நீட்டினேன். பார்க்க மாட்டாராம், தீட்டாம்!

தனியாகப் போய் அழுதேன்.

ஆவணி 24, புதன்

வெயில், புழுக்கம். அக்கா பார்லிக் கஞ்சி தாண்டிக் குழைந்த சாதத்துக்கு வந்துவிட்டாள். தையல் பிரித்தாயிற்று. ஊறுகாய் கேட்கிறாள்!

ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்., ஆபீஸ் சிநேகிதர் ஒருவரிடம் பிரசங்கம்: "எல்லாம் மாமியோட கைராசி ஓய். தொப்புள்கிட்ட இருந்த வலியைத் தடவித் தடவி ஓரத்துக்குக் கொண்டு வந்துட்டா. இல்லாட்டா டாக்டருக்கு எங்கே அறுக்கறதுன்னு எப்படித் தெரியும்?"

அந்த வலி தானாக அப்படித்தான் நகரும்! யார் தடவினாலும், தடவாவிட்டாலும்! வாயைத் திறப்பதற்குள் சிநேகிதர் முந்திக்கொண்டார்.

"அப்படியா? என் பொண்ணுக்கும் நேத்திலேருந்து தொப்புளைச் சுத்தி வலி, வாந்தி. மாமியோட ஆம் எங்கேன்னு சொல்லுங்கோ, போற வழியிலே அழைச்சுண்டு போயிடறேன்."

அத். வழி சொல்ல ஆரம்பித்தார். சிநேகிதரின் மேல்துண்டை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் வீடு எங்கோ தூரத்தில், கிடர்பூரில்; விட்டால் அந்தப் பெண் மாமியின் கைக்குத்தான். பெஞ்சில் உட்கார வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கிறுக்குகிறேன், ஒரு கையில் இன்னும் துண்டு. பைத்தியம் என்கிறார். இருக்கட்டும். டா. பாபு வார்டிலிருந்து இதோ வருகிறார்.