போவீனியாவின் முதல் கூம்பு

மார்ச் 4

தோட்டம் பார்க்க வந்த ஒருவர் இன்றும் கேட்டார். "இந்தப் பெரணிக்கு என்னங்க பேரு?" பெரணி இல்லை, போவீனியா என்றேன். பெரணிக்கு விதை கிடையாது, இதற்கு உண்டு. பூக்கும் செடிகள் வருவதற்கு முன்பே கூம்பில் விதை வைத்த கூட்டம் இது, மழைக்காட்டு நிழலில் வாழ்வது, இன்று மிச்சம் இரண்டே இனங்கள்... அவர் அதற்குள் ஆர்க்கிட் பக்கம் போய்விட்டார்.

மார்ச் 6

மேலாளர் கண்ணாடி வீட்டுக்குள் வந்து போவீனியாத் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "பன்னெண்டு வருஷமா மூணே இலை. கொஞ்சமாவது மனசாட்சி வேணாமா இதுக்கு?" தண்டு மண்ணுக்குள் கிழங்கு மாதிரி கிடக்கிறது, வளர்வது வெளியே தெரியாது என்றேன். வழுக்கையைத் தடவிக்கொண்டு, "என் முடியும் அப்படித்தான் உள்ளுக்குள்ள வளருது" என்றார்.

இந்த வருடம் விதை இல்லையென்றால் தொட்டி பின்பக்கக் கொட்டகைக்குப் போகுமாம். அங்கே கூரை பாதிதான், அடிக்கிற வெயிலுக்கு இது தாங்குமா?

மார்ச் 19

கூம்பு! மண்ணை ஒட்டி, கட்டைவிரல் நுனி அளவு. பன்னிரண்டு வருடத்தில் முதல் கூம்பு.

மார்ச் 20

சந்தோஷம் ஒரு நாளைக்குத்தான். இதில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. கூம்பு வந்து வளரும்வரை எது எதுவென்று தெரியாது. இங்கிருப்பது பெண் என்று எனக்கு முன் வேலை பார்த்தவர் எதை வைத்தோ பதிவேட்டில் எழுதியிருக்கிறார். அப்படியானால் மகரந்தம் வேண்டும். அதைச் சுமக்கும் கூன்வண்டு இதன் சொந்தக் காட்டில் இருக்கிறது, இங்கே இல்லை. நான்தான் தூரிகையால் தூவ வேண்டும். ஆண் செடி எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தோட்டத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது — அண்ணன்.

வேற ஆளே இல்லையா உலகத்துல?

மார்ச் 23

அண்ணனோடு ஆறு வருடமாகப் பேச்சில்லை. அவன் ஆய்வுக்காக இரண்டு கோடை முழுக்க உட்கார்ந்து நான் அளந்தேன். போவீனியாவின் எந்த இனத்துச் சிற்றிலையின் விளிம்பில் பல் இருக்கிறது, எதில் இல்லை என்று நானூற்றுப் பதினோரு சிற்றிலைகள். கட்டுரை வந்தது அவன் ஒருவன் பெயரில். கடைசியில் ஒரு நன்றி: 'அளவெடுக்க உதவிய என் தங்கைக்கு.' பேர்கூட இல்ல. தங்கையாம்!

கணவர் சொன்னார்: "கோவம் உனக்கும் அவருக்கும். செடி என்ன பண்ணுச்சு?" எரிச்சலாக வந்தது. சரியாகச் சொல்லிவிட்டார் என்பதால் கூடுதல் எரிச்சல்.

மார்ச் 27

ஃபோன் செய்தேன். "யாரு?" என்றான். என் குரல் தெரியாதாமா? "உன் கட்டுரைல வர்ற தங்கச்சி" என்றேன். மகரந்தம் கேட்டேன். "போன வருஷத்துது ஃப்ரீசர்ல இருக்கு. முறைப்படி விண்ணப்பம் அனுப்பு."

விண்ணப்பமாம். கூடப் பிறந்தவளிடம். பல்லைக் கடித்துக்கொண்டு அனுப்பினேன்.

ஏப்ரல் 8

விண்ணப்பம் திரும்பி வந்திருக்கிறது. முத்திரை இல்லையாம்.

ஏப்ரல் 17

மகரந்தம் வந்துவிட்டது. சின்னக் குப்பியில் இரண்டு சிட்டிகை.

பெண் கூம்பு இதற்குள் உருண்டு பருத்திருக்க வேண்டும். இது ஏன் ஒல்லியாக நிற்கிறது? — பொறுத்துப் பார்ப்போம்.

ஏப்ரல் 24

கூம்பின் செதில்கள் விலகின. கீழே விரித்த கறுப்புக் காகிதத்தில் மஞ்சள் தூள், மகரந்தம். ஆண்.

பன்னெண்டு வருஷமா 'அவளுக்குத் தண்ணி ஊத்தணும்', 'அவளுக்கு வெயில் ஆகாது'ன்னு... கணவர் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தோற்றார். நான் அழுததும் நிறுத்திக்கொண்டார்.

மேலாளரிடம் எப்படிச் சொல்வது? அதைவிட, அண்ணனிடம்?

ஏப்ரல் 25

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். சிரிப்பான் என்று காத்திருந்தேன். "பதிவேட்ட நானும்தான் நம்பியிருப்பேன்" என்றான். பிறகு தயங்கித் தயங்கி: "இங்க ஒரு பெண் செடி கூம்பு விட்டிருக்கு. இன்னும் நாலஞ்சு நாள்தான் திறந்திருக்கும். உன்னோடது புதுசா இருக்குமே, கொஞ்சம் கிடைக்குமா?"

"உன்கிட்ட இருந்தது?"

"மொத்தத்தையும் உனக்கு அனுப்பிட்டேனே, ஆண் செடி இந்த வருஷம் கூம்பு விடல. அனுப்பினதும் இனி உதவாது, ஃப்ரீசர்லேருந்து வெளிய எடுத்து நாளாச்சு."

"அனுப்பும்போதே உன் பெண் செடி கூம்பு விட்டிருந்துச்சா?"

"ம்."

விண்ணப்பம் அனுப்பு என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

ஏப்ரல் 26

என் செடியின் மகரந்தத்தோடு ஐந்து மணி நேரப் பேருந்து. அண்ணனுக்கு முழுக்க நரைத்துவிட்டது. அவன் செதில்களை விரித்துப் பிடித்தான், நான் தூவினேன். கட்டுரையைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஜூன் 2

ஆண் செடி விதை தராது என்று தொட்டியைக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓர் இலை கருகியிருக்கிறது. நானே நிழல்வலை வாங்கிக் கட்டினேன்.

அடுத்த ஆண்டு, பிப்ரவரி 11

அண்ணன் ஃபோன். கூம்பு உடைந்து இருபது விதை கிடைத்திருக்கிறது. சதையை நீக்கித் தண்ணீரில் போடப் போகிறான். கருவுறாதது பெரும்பாலும் மிதக்கும். "நீயும் லைன்லயே இரு" என்றான்.

ஒவ்வொன்றாகப் போட்டான். மிதக்குது. மிதக்குது. பதினேழு மிதந்தன. எனக்கு வெறுத்துவிட்டது. "இரு, இரு" என்றான். மிச்சத்தையும் போடும் சத்தம் கேட்டது.

"மூணு இறங்கிடுச்சும்மா."

சனிக்கிழமை இரண்டைக் கொண்டுவருகிறான். அவன் படுக்க முன்னறைக் கட்டிலைக் காலி செய்ய வேண்டும்.