மஞ்சள் பெல்ட் தேர்வு

அன்புள்ள அப்பாவுக்கு, ஷர்லி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி தேவலையா? அம்மா பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

போனில் சொன்னால் பதறுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். இங்கே ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே கராத்தே வகுப்பில் சேர்ந்தேன் அல்லவா? இவர்கள் முறை வேறு. ஆவூரிலிருந்து நீங்கள் டூவீலரில் விராலிமலைக்குக் கூட்டிப்போய் வாங்கவைத்த பிளாக் பெல்ட் இங்கே செல்லாது. வெள்ளை பெல்ட் கட்டிக் கடைசி வரிசையில் நிற்கிறேன். "ஏண்டி, ஒனக்கு இது தேவையா? பேசாம ரூம்லயே இருக்கலாம்ல" என்று உடன் தங்கியிருக்கும் திலகவதி திட்டினாள்.

போன ஞாயிறு மஞ்சள் பெல்ட் தேர்வு. அதில் தோற்றுவிட்டேன் அப்பா. பத்து வருடம் பழகியபடியே கால்கள் நின்றன. இவர்களுக்கு அது தவறு. என்னோடு நின்ற எட்டு வயதுப் பிள்ளைகள்கூடத் தேறிவிட்டார்கள். உடை மாற்றும் அறையில் கொஞ்சம் அழுதேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். பிளாக் பெல்ட் கட்டியதிலிருந்து என்னை யாரும் திருத்தியதே இல்லை. இங்கே மாஸ்டரே குனிந்து என் பாதத்தைப் பிடித்துச் சரியாக வைக்கிறார். அதனால் வகுப்பை விடப்போவதில்லை.

பார்சலில் பருப்புப்பொடி வையுங்கள். பீரோவில் இருக்கும் என் முதல் வெள்ளை பெல்ட்டையும் வையுங்கள். இப்போது இடுப்புக்கு எட்டாதுதான். ஆனால் அதில் நீங்கள் என் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறீர்கள்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. கோயிலில் யாராவது என்ன பெல்ட் என்று கேட்டால், தயங்காமல் வெள்ளை என்றே சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
ஷர்லி