கண் மட்டக் கோடு

ஐப்பசி 10, திங்கள், 1997.

முதியோர் பள்ளியில் கற்ற எழுத்துதான். எழுதாவிட்டால் இன்று தூக்கம் வராது.

என் மகள் செல்வி அம்பத்தூரில் மனை விற்கும் கம்பெனியில் கம்ப்யூட்டரில் படம் போடுகிறாள். மதியம் சோறு கொண்டுபோனேன். செம்பரம்பாக்கத்துப் பக்கம் கட்டப்போகும் வீடுகளை வரைந்துகொண்டிருந்தாள். அதில் மூன்றாவது வீடு அவளுக்கு. தை மாதம் கைக்குழந்தையோடு குடிபோகிறாள்.

படத்தின் குறுக்கே ஒரு நீலக் கோடு ஓடியது.

"இது இன்னா கோடும்மா?"

"கண் மட்டம் நைனா. நாம நின்னு பாக்கற உயரம். தெரு அல்லாம் இதுல ஒரு புள்ளில போய் சேரணும். கிட்ட கீற ஊடு, தூரத்துல கீற ஊடு, அல்லாத்தையும் இது ஒரே உயரத்துல வெட்டணும். இல்லாங்காட்டி ஊடு மெதக்கும்."

அதே செம்பரம்பாக்கத்துப் பக்கம் அந்தக் கோட்டை நான் பார்த்திருக்கிறேன். பெருமழை வருஷம் தண்ணீர் வடிந்த பிறகு பம்புசெட் அறை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாச் சுவரிலும் ஒரே உயரத்தில் சேற்றுக் கறை. என் கண் உயரம். இரண்டு வயதுச் செல்வியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு எம்பி எம்பித்தான் கரையேறினேன்.

அவளிடம் சொன்னேன். சிரித்தாள்.

"மண்ணு கொட்டி மேடாக்குவாங்க நைனா. நீ வேற. இந்தக் கோடும் சும்மா அளவுக்குத்தான், படம் முடிஞ்சா எடுத்துடுவேன்."

எடுத்தும் காட்டினாள். வீடுகள் பளிச்சென்று நின்றன.

இப்போது வெளியே மழை பிடித்துக்கொண்டது. அந்த மூன்றாவது வீட்டில் தொட்டிலை எவ்வளவு உயரத்தில் கட்டினாலும் கோட்டுக்குக் கீழேதான் தொங்கும்.