எனக்கு மட்டும் தெரியாத கார்

மார்ச் 4, செவ்வாய்

மிஸ் பெய்னனின் வீட்டில் அவர் தலைக்கு ரோலர் சுற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் பெரிய சத்தம். ஓரமாக நிறுத்தியிருந்த என் காரின் மேல் பால் லாரி ஒன்று பின்பக்கமாக வந்து ஏறிவிட்டது. டிரைவர் இறங்கி, "பாக்கவே இல்லைங்க" என்றான். சிவப்புக் கார். பட்டப்பகல். எருமை.

கத்தரிக்கோல் பெட்டி தப்பித்தது. கார் தேறாது. நாளை மலைப்பண்ணைகளில் மூன்று பேர் முடிவெட்டக் காத்திருப்பார்கள். அங்கே பஸ் வாரத்துக்கு இரண்டு முறைதான், அதுவும் டிரைவருக்கு மனமிருந்தால். வீடு வீடாகப் போய் முடிவெட்டுகிறவளுக்குக் கார் இல்லையென்றால் தொழிலும் இல்லை.

மார்ச் 11

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து டோபி என்று ஒருவன் போன் செய்தான். தொட்டிலில் போட்ட நாளிலிருந்து பழகியவன் போல நெஸ்டா, நெஸ்டா என்கிறான்.

"நெஸ்டா, இந்த வண்டி நாலு வருஷத்துக்கு முன்னாடியே ஒருதடவை டோட்டல் லாஸ், தேறாதுன்னு எழுதித் தள்ளினது. தெரியுமில்ல?"

எனக்கு எப்படித் தெரியும்?

"அந்த மாதிரி வண்டிக்கு மார்க்கெட்ல பாதி விலைதான், நெஸ்டா. உங்க வேதனை எனக்குப் புரியுது."

என்ன புரிந்ததோ. இரண்டு வருடம் முன்பு நான் கொடுத்தது முழு விலை, நாலாயிரத்து இருநூறு பவுண்டு. கொடுத்தது தங்கச்சி புருஷன் எம்ரிஸிடம். "உனக்குங்கறதால தர்றேன் நெஸ்டா, புதுசு மாதிரி ஓடும்" என்றானே, மகராசன்.

மார்ச் 12

எம்ரிஸ் வீட்டுக்குப் போனேன். சேப்பலில் ஞாயிறு ஆராதனைதோறும் முன்வரிசையில் உட்காருகிற பெரிய மனிதர். ஆண்கள் பாடகர் குழுவில் உச்சக்குரல் வேறு. கேட்டதும் கூரையைப் பார்த்தான்.

"ரிப்பேர் பண்ணித்தானே குடுத்தேன்? நீ கேக்கல, நான் சொல்லல."

கேட்க வேண்டுமாம்! மைர் டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். என் தங்கச்சி டீ ஊற்றியே காலத்தை ஓட்டிவிடுவாள்.

மார்ச் 14

ஊருக்கே தெரியும்! நாலு வருடம் முன்பு மாட்டு டாக்டர் ஹவெல், பாலத்திலிருந்து ஆற்றில் இறக்கிய கார் அது. டிராக்டர் கட்டி இழுத்ததைப் பார்க்கப் பள்ளிக்கூடத்துக்கே லீவு விட்டார்களாம். அந்த வருடம் நான் லிவர்பூலில் இருந்தேன்.

என் வாடிக்கைக்காரி ப்ளோட்வென் அம்மா, தலை உலர்த்தும் டிரையருக்கடியில் இருந்தபடியே சொல்கிறார்: "உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சோம் கண்ணு. அப்புறம், சொன்னா மனசு நோகுமேன்னு..."

மனசு நோகுமாம். இந்த ஊரில் ஒருத்தியின் பாவாடையில் தீப்பிடித்தாலும், இன்று கொஞ்சம் வெயில்தான் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவ்வளவு பண்பு. தூ.

மார்ச் 20

டோபி. விஷயம் தெரியாமல்தான் முழு விலை கொடுத்தேன் என்று காட்டினால் முழுத் தொகையும் கிடைக்குமாம். அதாவது, நான் ஏமாளி என்பதற்குச் சாட்சி வேண்டும். அதற்கா பஞ்சம்?

மார்ச் 27

ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக டோபிக்குப் போன் போட்டிருக்கிறார்கள். என்ன சுறுசுறுப்பு! மிஸ் பெய்னன் கொள்கைக்காக முதலில் எங்கள் வெல்ஷ் மொழியிலேயே பேசினாராம், அவன் கெஞ்சிய பிறகுதான் ஆங்கிலத்துக்கு இறங்கி வந்தாராம். எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "எங்க எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியாது."

இரண்டு வருடம் வாயில் கொழுக்கட்டை. இப்போது அருவியாகக் கொட்டுகிறது.

ஆனால் டோபி, "இதெல்லாம் ஊர்ப்பேச்சு, நெஸ்டா" என்கிறான். எம்ரிஸ் முந்திக்கொண்டு, எல்லாம் சொல்லித்தான் பாதி விலைக்குக் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கிறான். ரொக்கமாக வாங்கினவன் ஆயிற்றே, ரசீது ஏது? "விக்கிறப்ப பக்கத்துல வேற யாராவது இருந்தாங்களா?"

இருந்தாள். மைர் ஒருத்திதான்.

ஏப்ரல் 2

மைரைச் சாட்சி சொல்லக் கேட்டேன். "நான் அவரோட வாழணும் அக்கா."

போ. போய் நல்லா வாழு. அந்தப் பொய்யனுக்குச் சட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்து, பாடப் போகையில் காலரைச் சரிசெய்து... என்னத்தைச் சொல்ல? என் கூடப்பிறந்தவளா இவள்?

ஏப்ரல் 9

மழை. பெட்டியைச் சுமந்துகொண்டு நடந்தே இரண்டு வீடு. மலைப்பண்ணைக்காரர்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். மனசு நோகக் கூடாதென்று அதையும் யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 17

முழுத் தொகை!

டோபி சொன்னான்: "உங்க தங்கச்சி காலைல கூப்பிட்டாங்க. வீட்டுக்காரர் பக்கத்துலயே நின்னு கத்திட்டிருந்தாரு, நெஸ்டா. அவங்க நிறுத்தவே இல்ல. நீங்க குடுத்த நாலாயிரத்து இருநூறையும் அவங்கதான் எண்ணி வாங்கினாங்களாம்."

அழுகை வந்துவிட்டது. இவன் காதில் அது விழ வேண்டாமென்று போனை வைத்துவிட்டேன்.

மே 3, சனி

கார் வாங்கிவிட்டேன். நீல நிறம், பழசுதான். மெக்கானிக்கை அடியில் படுக்கவைத்துப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுத்தேன்.

மத்தியானம் மைர் வந்தாள். எம்ரிஸ் அவளோடு இன்னும் பேசுவதில்லையாம். "வீடு அமைதியா இருக்கு" என்றாள். பிறகு, "ஒரு சுத்து போலாமா அக்கா?"

ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருடத்தில் அந்தச் சிவப்புக் காரில் இவள் ஒருமுறைகூட ஏறியதில்லை. கடைக்குக் கூப்பிட்டால் நடந்து வருகிறேன் என்பாள். கொட்டுகிற மழையிலும் நடந்துதான் வந்தாள்.

"அதுல ஏன்டி ஏறவே இல்ல?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பயமா இருந்துச்சு அக்கா."

நான் தினமும் அதில்தான் மலை ஏறி இறங்கினேன்.

இறங்குடி என்று சொல்ல வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு கடற்கரை வரை ஓட்டினேன். வளைவுகளில்கூட வேகத்தைக் குறைக்காமல்தான் ஓட்டினேன். அவளும் மெதுவாகப் போகச் சொல்லிக் கேட்கவில்லை.