அப்ரூவலுக்கு ஒற்றைக் கால்

அப்பா,

பரணைக் காலி செய்யும்போது கிடைத்தது. வலது காலுக்கு மட்டும் ஒரு மெல்லிய செருப்பு. செருப்பு என்றால் கோபித்துக்கொள்வீர்கள். பாலே ஷூ. லைனிங்குக்குப் போடும் மெல்லிய ஆட்டுத்தோல். மோந்து பார்த்தேன். தோலும் பசையும். ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவிலிருந்து நீங்கள் வீடு திரும்பும்போது சட்டையில் வரும் அதே வாசனை.

அம்மா போன மறுவருடம் குளியலறையில் விழுந்தீர்கள். மணிக்கட்டில் மாவுக்கட்டு. என்னோடு சென்னைக்கு வந்துவிடுங்கள் என்றேன்.

"நாலாவது மாடியில எனக்கு இன்னா வேலை?"

"விழாம இருக்குறதுதான் வேலை."

"அதை ஆம்பூர்லயே செய்றேன்."

கடைசியில் ஒப்பந்தம். கட்டுப் பிரித்த பிறகு மூன்று மாதம். அதற்குள் எதையும் பிடிக்காமல், பத்து எண்ணும்வரை ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். நின்றால் ஆம்பூர். இல்லையென்றால் சென்னை. எண்ணுவது நான்.

சர்ச் ஹாலில் பிசியோதெரபிஸ்ட் ஸ்டெல்லா வகுப்பு எடுத்தார். சிறுவயதில் பெங்களூரில் பாலே கற்றவர். பெரியவர்கள் விழாமலிருக்க அதையே எளிதாக்கிக் கற்றுத் தந்தார். குதிகால்கள் சேர, பாதங்கள் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்ப, முதுகு நிமிர, மெல்ல முட்டி மடக்கி எழுவது. ஒரு காலை முன்னே நீட்டி, எடையை மறு காலுக்கு மாற்றுவது. பிடித்துக்கொள்ள பெஞ்சின் முதுகு.

பக்கத்து வீட்டு பாய் உங்களை வாசலிலேயே மறித்தார்.

"இன்னா தோஸ்த், டான்ஸ் கிளாஸாமே?"

"டான்ஸ் இல்ல பாய். நிக்கிற கிளாஸ்."

"நிக்கிறதுக்கு கிளாஸா? நான் ரேஷன் கடையில சும்மாவே நிக்கிறேன்."

வகுப்பில் உங்கள் கண் கால்களில்தான். சிலர் சாக்ஸ், சிலர் ஹவாய் செருப்பு. "டைல்ஸ் மேல சாக்ஸ் போட்டா விழாம இன்னா பண்ணுவாங்க" என்று போனில் புலம்பினீர்கள். உங்களையும் சேர்த்து ஒன்பது பேரின் பாதங்களைச் செய்தித்தாளில் பென்சிலால் வரைந்து எடுத்தீர்கள்.

ஷூக்களைக் கொண்டுபோன அன்று நானும் வந்திருந்தேன். ஒன்பது ஷூ. ஒன்பதும் வலது கால்.

ஓய்வுபெற்ற நர்ஸ் கிரேஸ் அம்மாதான் முதலில் வாயைத் திறந்தார்.

"எனக்கு ரெண்டு கால்ண்ணா."

"தெரியும்மா. இது சாம்பிள். சாம்பிள் ஒத்தக் கால்தான். பார்ட்டி ஓகே சொன்னாதான் ஜோடி."

"யாரு பார்ட்டி?"

"நீங்கதான்."

முப்பது வருடத்துக்கு மேல், ஷூ வாங்கும் வெளிநாட்டு கம்பெனிகளுக்கு அப்ரூவலுக்காக ஒற்றைக் கால் அனுப்பிய கை. ஜோடியாக வெட்ட அதற்குத் தோன்றவே இல்லை.

ஸ்டெல்லா சிரிப்பை விழுங்கினார். "சரி, இன்னிக்கு எல்லாரும் வலது கால்லயே நிப்போம்."

நின்றார்கள். காதில் பென்சிலோடு ஒவ்வொருவரிடமும் குறை கேட்டுக்கொண்டே போனீர்கள்.

"பெருவிரல் இடிக்குது."

"குதிகால் லூசு."

"கலர் புடிக்கல."

"கலர் அடுத்த சீசன்."

ஒவ்வொரு காலையும் அழுத்திப் பார்க்கக் குனிந்தீர்கள், எழுந்தீர்கள். ஒருமுறைகூட எதையும் பிடிக்கவில்லை. நான் கவனித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

நீங்கள் தோற்க வேண்டும் என்று விரும்பினேன், அப்பா. நீங்கள் போனை எடுக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு முறையும் குளியலறைத் தரையில் உங்களைப் பார்த்தேன்.

கெடு முடிந்த நாள். நம் வீட்டு ஹால். பாய் சாட்சி. நீங்கள் புது ஜோடியில். இடது காலைத் தூக்கினீர்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தில் கணுக்கால் நடுங்கியது. என் ஆறு வர நேரமானது. ஏழு அதைவிட.

"இன்னாம்மா, எட்டு வாணியம்பாடிலேர்ந்து நடந்து வருதா?" என்றார் பாய்.

உங்கள் பார்வை சுவரில் ஒரே புள்ளியில். எட்டு. ஒன்பது. வேறு வழியில்லாமல், பத்து.

நீங்கள் காலை இறக்கவில்லை.

"உனக்குத் திருப்தி ஆகுற வரைக்கும் எண்ணு, பாப்பா."

எண்ண முடியவில்லை. தனியாகவே பஸ் ஏறினேன்.

அதன்பிறகு ஐந்து வருடம் ஆம்பூரில் இருந்தீர்கள். போன மாதம் உங்கள் கட்டிலில், தூக்கத்தில் போய்விட்டீர்கள். துக்கத்துக்கு வந்த கிரேஸ் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றுதான்.

"விழலையே?"

"இல்ல ஆன்ட்டி."

"அது போதும்."

போன வியாழன் அவரோடு வகுப்புக்குப் போனேன். ஸ்டெல்லாவுக்கு ஏதோ போன். கிரேஸ் அம்மா காலைத் தூக்கிக்கொண்டு, "நீ எண்ணும்மா" என்றார். எண்ணினேன். எந்த எண்ணையும் நீட்டவில்லை. பத்தில் நிறுத்தினேன்.