புயல் வராது

கார்த்திகை, செவ்வாய் இரவு

வகுப்பில் சூரியனின் படங்களைக் காட்டி, பூமிக்குக் காந்தப் புயல் வருமா என்று கணிக்கச் சொன்னேன். படங்களில் தெரிந்த சூரிய வெடிப்பு நேராக நம்மை நோக்கித்தான் கிளம்பியிருந்தது. எல்லோரும் ‘வரும்’ என்று எழுத, ஒட்டன்சத்திரத்துப் பெண் செல்வி மட்டும் வழக்கம்போல ‘வராது’ என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

“கெட்டதை நம்ம வாயால எதுக்குங்க மேடம் சொல்லோணும்?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஆசைப்படுறதெல்லாம் கணிப்பாயிருமா?” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவள் தலை குனிந்துகொண்டாள்.

நாளைக்கு இவருடைய ஸ்கேன் முடிவு வருகிறது. மாதக்கணக்காக இவருக்குச் சட்டைகள் தொளதொளத்துக்கொண்டே போகின்றன. சாப்பிடும்போது, “ஏதாச்சும் இருக்குமோ?” என்று கேட்டார்.

“ஒண்ணும் இருக்காதுங்க” என்றேன்.

நம்பிவிட்டார். அசந்து தூங்குகிறார்.